அடைப்புத் துளைக்குள் லேத்தில் கீவே: கீ ஏறவில்லை, அடியில் சீவல் சிக்குகிறது

கேள்வி

வணக்கம். இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஹப் ஒன்று, தண்டில் மாட்டும் குடம். வெளிவிட்டம் 50, துளை 25 மி.மீ., ஆழம் 40, அடி மூடியது. உள்ளே 8 மி.மீ. கீவே (ஹப்பைத் தண்டோடு பூட்டும் கீ உட்காரும் நீளக் காடி) வேண்டும். எங்கள் ஷாப்பில் காடி சீவும் ஸ்லாட்டிங் மெஷின் இல்லை. அதனால் லேத்தில் ஜாப்பைப் பிடிக்கும் சக் சுழலாமல் லாக் செய்துவிட்டு, 12 மி.மீ. பாரில் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் மாட்டி, டூலைச் சுமக்கும் கேரேஜைக் கையால் தள்ளித் தள்ளிச் சீவுகிறேன். டூல் சுவரைத் தொட்ட இடத்தில் டயலை ஜீரோ வைத்து 3.3 கொடுத்தாயிற்று. ஆனாலும் வாயிலேயே கீ ஏறவில்லை. உள்ளே போகப் போக இன்னும் ஆழம் குறைகிறது. ஒரு பிட் முனையும் உடைந்துவிட்டது. பார் வளைகிறதா?

பதில் 1

பார் மெலிசுதான். 18 மி.மீ. பாரே அந்தத் துளைக்குள் போகும், மாற்றுங்கள். ஆனால் ஆழம் உள்ளே குறைவதற்கு அது காரணம் இல்லை. டூல் போஸ்டிலிருந்து பார் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் கடைசி வரை மாறாதே. வளைந்தால் முழு நீளத்துக்கும் ஒரே அளவுதான் குறையும்.

அடியில் ரிசஸ் (துளையைவிட விட்டம் கூடிய வளையப் பள்ளம்) போட்டீர்களா? போடவில்லை என்றால் சீவல் அறுந்து விழ இடமில்லை. அங்கேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும், அடுத்த தடவை டூல் அதன்மேல் ஏறும். முனை உடைந்ததும் அங்கேதான் இருக்கும்.

கேட்டவர்

ரிசஸ் போடவில்லை அண்ணா. எவ்வளவு போடணும்? வாயில் ஏன் ஏறவில்லை என்றும் புரியவில்லை.

பதில் 2

வாய்க் கணக்கு இது. துளை வளைவு, டூல் முனை தட்டை. 8 மி.மீ. அகல முனையின் இரண்டு மூலைகளும்தான் முதலில் சுவரைத் தொடும், நடுப்பகுதி தொடாது. 25 மி.மீ. துளையில் அந்த இடைவெளி 0.66 மி.மீ. ஹப்பில் 3.3 ஆழம் என்பது துளையின் நடு உச்சியிலிருந்து அளப்பது. ஆகவே மூலை தொட்ட இடத்திலிருந்து 3.96 போகணும். டயலை நம்பாமல் எதிர்ச் சுவரிலிருந்து கீவே அடி வரை அளந்து பாருங்கள், 28.3 வந்தால் சரி. உங்கள் டயல் விட்டக் கணக்கா, ஆரக் கணக்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூல் உயரத்தையும் அந்த மூலைகளே சொல்லும். முதல் லேசான வெட்டில் மேலும் கீழும் இரண்டு கோடுகள் விழும். இரண்டும் ஒரே அகலமாக இருந்தால் டூல் சென்டரில் இருக்கிறது. மேல் கோடு மட்டும் தடித்தால் டூல் உயர்ந்திருக்கிறது.

ரிசஸ் விட்டம் 34 வையுங்கள். கீவேயின் மூலைகளே 32.6 வரை போகும், அதற்குக் குறைந்தால் பயனில்லை. அகலம் 6 போதும். சுவர் 8 மி.மீ. மிச்சம் இருக்கும், பயம் வேண்டாம். சுவர் மெல்லிய வேலை என்றால், கீவே முடியும் இடத்தில் வெளியிலிருந்து 10 மி.மீ. ஓட்டை போட்டுவிடுவார்கள்.

பதில் 1

இன்னும் சில விஷயம். மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் கை வையுங்கள். பேக் கியரில் (வேகம் குறைக்கும் கியர்) லாக் செய்தாலும் பல்லிடுக்கில் ஆட்டம் இருக்கும், சக்கின் பிடிதாடையான ஜாவுக்கு அடியில் மரக்கட்டை ஒன்று முட்டுக் கொடுங்கள். ஹப்பின் பின்முகம் ஜாவின் படியில் உட்காரட்டும். இல்லையென்றால் தள்ளத் தள்ள ஜாப் பின்வாங்கும். ஒரு தள்ளுக்கு 0.05, அதற்குமேல் பேராசை வேண்டாம். திரும்பும்போது டூலை விலக்கிக்கொள்ளுங்கள், முனை தேயாது. கடைசியில் அளவு கூட்டாமல் சில தடவை வெறும் ஓட்டம் ஓட்டுங்கள்.

பத்துப் பதினைந்து ஹப் என்றால் ஸ்லாட்டிங் ஜாப் ஒர்க்குக்கே கொடுத்துவிடுங்கள், கேரேஜை நகர்த்தும் ரேக்கின் பல்லாவது தேயாமல் மிஞ்சும்.

கேட்டவர்

ரிசஸ் போட்டதும் சீவல் பொலபொலவென்று உதிர்கிறது. எதிர்ச் சுவரிலிருந்து 28.3 வந்துவிட்டது. பக்கவாட்டில்தான் கீ கொஞ்சம் இறுக்கம். கீவேயை அரம் போட்டு விரிக்கலாமா?

பதில் 2

கீவேயைத் தொடாதீர்கள். கீயின் பக்கங்களை ஆயில் ஸ்டோனில் தேய்த்து, கைவிரலால் அழுத்தினால் உட்காரும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். கீ கெட்டால் வேறு கீ வெட்டிக்கொள்ளலாம்.