பாறைக்காக ஊர் மாறலாமா?

கல்லாசை:
வேலை இனிமேல் முழுக்க வீட்டிலிருந்துதான் என்று ஆகிவிட்டது, அதனால் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம். இப்போது இருப்பது பெரிய நகரம். பாறையேறப் பழகுகிற நல்ல கிளைம்பிங் ஜிம் நடந்து போகிற தூரம், நிஜப் பாறைக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். பார்த்து வைத்திருப்பது ஒரு சின்ன ஊர், பதினைந்து நிமிடத்தில் சுண்ணாம்புக்கல் சுவர், கயிறு மாட்ட போல்ட் அடித்த ரூட், அதாவது ஏறும் வழி, நூற்றுக்கு மேல். ஏழு வருடமாக ஏறுகிறேன். மனைவிக்கு ஏறுவதில் ஆர்வம் கிடையாது, ஆனால் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாறையை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்தவர்கள் இங்கே யாராவது உண்டா?

பழங்கயிறு:
நான் இருக்கிறேன், பதினொரு வருடமாக. யோசிக்காமல் போங்கள்.

மூன்று மணி நேரம் என்றால் உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் பாறை. அந்த ஒரு நாள் மழை பெய்தால் போச்சு, கீழே நின்று கயிற்றைப் பிடித்து பிலே பிடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் போச்சு, வீட்டில் வேலை வந்தால் போச்சு, கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு நாள் தேறினாலே பெரிது. பக்கத்தில் இருந்தால் சாயங்காலம் வேலையை மூடிவிட்டு இரண்டு ரூட் ஏறிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சுற்றி இத்தனை ஏறுகிறவர்கள் குடியிருப்பது சும்மாவா? ஸ்டேனேஜ் என்ற பாறைச்சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சொரசொரப்பான கிரிட்ஸ்டோன் கல்லில் குளிரும் காற்றும் சேர்ந்த நாளில்தான் பிடி நன்றாக ஒட்டும், அந்த நாள் எது என்று போன வாரமே யாருக்கும் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும்.

ஜிம்கிளி:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விரல் என்ன சொல்கிறது என்று கேட்டீர்களா? கடினமாக ஏறினால் தோலும் தசைநாணும் தேற ஒன்றிரண்டு நாள் வேண்டும். பாறை வாசற்படியிலேயே இருந்தாலும் வாரத்துக்கு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. மீதி நாட்களில் அந்தச் சின்ன ஊரில் என்ன செய்வீர்கள், பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா?

பலம் வருவதும் ஜிம்மில்தான். விரலால் தொங்கிப் பழகுகிற பலகையான கேம்பஸ் போர்டை வோல்ஃப்காங் கூலிக் என்ற ஜெர்மன் வீரர் முதலில் மாட்டியது 1988-இல் நியூரம்பெர்க் நகரத்து ஜிம் ஒன்றில். அதில் தொங்கித் தொங்கித்தான் 1991-இல் ஆக்ஷன் டிரெக்ட் என்ற மிகக் கடினமான ரூட்டை ஏறினார். பாறையேறும் வீரர் ஆடம் ஓன்ட்ரா செக் நாட்டின் பிர்னோ நகரத்துக்காரர், 2017-இல் கடினத் தர வரிசையில் உலகின் முதல் 9சி ரூட்டான சைலன்ஸை ஏறியது நார்வேயில் ஃப்ளாட்டாங்கர் குகையில். அதற்காக நார்வேக்குக் குடியா போனார்? போய்ப் போய் வந்தார்.

பழங்கயிறு:
ஜிம்கிளி, நீங்கள் கூட்டி வந்த இரண்டு சாட்சியும் என் பக்கம்தான் பேசுகிறார்கள். ஆக்ஷன் டிரெக்ட் இருக்கும் ஃபிராங்கன்யூரா நியூரம்பெர்க்கை ஒட்டித்தான் இருக்கிறது. பிர்னோவுக்குப் பக்கத்திலேயே மொராவியன் கார்ஸ்ட், ஓன்ட்ரா சிறுவயதிலிருந்து ஏறியது அந்தச் சுண்ணாம்புக்கல்லில். பாறையில்லா ஊரில் வளர்ந்தவரைக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.

ஜிம்கிளி:
சரி, அது எனக்கு ஒரு அடிதான், ஒப்புக்கொள்கிறேன் :) ஆனால் கவனியுங்கள், இரண்டுமே நகரம். வேலை, ஆஸ்பத்திரி, ஏறாத மனிதர்கள் எல்லாம் இருக்கிற இடம், பாறையும் பக்கத்தில். கல்லாசை கேட்பது அதுவல்லவே, சுவரைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊர். அதோடு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் பிலே பிடிப்பார்கள்? கயிறில்லாமல் தாழ்வான பாறையில் ஏறுகிற போல்டரிங் என்றால், விழுந்தால் தாங்குகிற மெத்தையான கிராஷ் பேடைத் தூக்கிக்கொண்டு தனியாகக்கூடப் போகலாம். இவர் சொல்வது கயிறு கட்டுகிற சுவர்.

திரும்பிவந்தவள்:
நான் போய்விட்டுத் திரும்பி வந்தவள். இரண்டு வருடம் இருந்தேன்.

முதல் மூன்று மாதம் பழங்கயிறு அண்ணா சொன்னது அப்படியே நடந்தது, பொய்யில்லை. அப்புறம் கோடை வந்தது. எங்கள் சுவர் முழுக்கத் தெற்குப் பார்த்தது, காலை பத்து மணிக்கு மேல் கை வைக்க முடியாது, வழுக்காமலிருக்கக் கையில் பூசுகிற சாக் பொடி போட்டால் வியர்வையில் சேறாகிவிடும். பெருமழைக்குப் பிறகு இன்னொரு கூத்து. வெளியே வெயில் அடிக்கிறது, பாறைக்குள் இறங்கிய தண்ணீர் மட்டும் வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கிறது, நல்ல ரூட்டெல்லாம் துண்டு துண்டாக ஈரம். வாரக்கடைசியில் போய் வந்த காலத்தில் இதெல்லாம் என் கண்ணில் பட்டதேயில்லை, ஏனென்றால் நல்ல பருவத்தில் மட்டும்தான் போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு விரல் மட்டும் நுழைகிற பாறைக்குழி ஒன்றில் மோதிர விரலில் டப் என்று சத்தம். ஏ2 புல்லி, அதாவது தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடிக்கிற பட்டை, பாதி கிழிந்துவிட்டது. மூன்று மாதம் ஏறக்கூடாது. அப்போதுதான் தெரிந்தது, அந்த ஊரில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் கயிற்றின் மறுமுனையில் இருந்தவர்கள். நான் ஏறவில்லை என்றதும் கூப்பிடவும் ஆளில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். கல்லாசை, உங்கள் துணைவிக்கு முதல் நாளிலிருந்தே நிலைமை இதுதான், விரல் கிழியாமலே. அதை யோசித்தீர்களா?

பழங்கயிறு:
திரும்பிவந்தவள், விரல் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. சுவர் கதைக்கு உண்டு. ஒரே திசை பார்த்த ஒரே சுவரை நம்பிப் போகவே கூடாது. தெற்கில் ஒன்று குளிருக்கு, வடக்கில் ஒன்று கோடைக்கு, மழை விழாத அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கிற ஒன்று மழைக்காலத்துக்கு. கல்லின் வகையையும் பாருங்கள். கிரானைட் வெயில் பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். மணற்கல் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் பலம் இழந்து பிடியே கையோடு வந்துவிடும், பிரான்சின் ஃபான்டென்ப்ளோவில் மழைக்குப் பிறகு தொடாதே என்று சொல்வது அதனால்தான். கல்லாசை, உங்கள் ஊரில் எத்தனை சுவர், எந்தத் திசை?

கல்லாசை:
ஒன்றுதான்... மேற்குப் பார்த்தது. அது இவ்வளவு முக்கியம் என்று நினைக்கவில்லை.

அடிவாரத்தான்:
நான் ஏறுகிறவன் இல்லை, இந்த மாதிரி ஒரு சுவருக்குக் கீழே பிறந்து வளர்ந்தவன். நீங்கள் எல்லாரும் பாறை உங்களுக்கு என்ன தரும் என்றே பேசுகிறீர்கள். உங்களைப் போல நாற்பது பேர் வந்தபின் எங்கள் பிள்ளைகள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் பக்கத்து ஊருக்குப் போனார்கள். கலிஃபோர்னியாவில் பிஷப் என்று ஓர் ஊர், போல்டரிங்குக்குப் பெயர் போனது. சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடிநீர்-மின் துறை கையில், தண்ணீருக்காக அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டது. ஊர் பெருக இடமே இல்லை, ஆனால் வருகிறவர்கள் நிற்பதில்லை. வீடு யாருக்குக் கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பாறை உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அல்ல. டெக்சாஸில் ஹுவேகோ டாங்க்ஸ் என்ற இடத்தின் பாறை ஓவியங்களைக் காப்பதற்காக 1998-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களுக்கு வடக்கு மலையில் 70 பேர் என்று வரம்பு. ஆஸ்திரேலியாவில் நாட்டிமக் என்ற சிற்றூருக்கு அராபைல்ஸ் மலைக்காகவே குடிவந்தவர்கள் நிறைய. 2024 நவம்பரில் அந்த மலையின் ரூட்டுகளில் கிட்டத்தட்ட பாதியை மூடும் திட்டம் வெளியானது, பூர்வகுடிகளின் தொல்தடங்கள் அங்கே இருக்கின்றன என்பதால். வீடு வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜிம்கிளி:
இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பழங்கயிறு:
அடிவாரத்தான் ஐயா, வாடகை விஷயத்தில் நீங்கள் சொல்வது வலிக்கிறது, நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் எல்லா ஊருக்கும் அதே கதை இல்லை. கிரேக்கத்தில் காலிம்னோஸ் கடற்பஞ்சு எடுக்கிறவர்களின் தீவு, அந்தத் தொழில் நொடித்துப் போனது. 1990-களின் கடைசியில் ஏறுகிறவர்கள் வர ஆரம்பித்தபிறகு, மற்ற சுற்றுலாப் பயணிகள் வராத வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறது. தடை பற்றி: அமெரிக்காவில் கென்டக்கியின் ரெட் ரிவர் கோர்ஜில் ஏறுகிறவர்களின் சங்கமே 2004-இல் பாறையோடு சேர்த்து நிலத்தை வாங்கியது. அங்கேயே குடியிருந்து கூட்டத்துக்குப் போகிறவனால்தான் இப்படி ஏதாவது செய்ய முடியும், மாதம் ஒருமுறை வந்துபோகிறவனால் முடியாது.

அடிவாரத்தான்:
கூட்டத்துக்கு வருகிறவர் நீங்கள் ஒருவர். மற்ற முப்பத்தொன்பது பேரை நான் கூட்டத்தில் பார்த்ததில்லை.

திரும்பிவந்தவள்:
கல்லாசை, வீட்டை மட்டும் வாங்காதீர்கள். மோசமான பருவத்தில் இரண்டு மாதம் வாடகைக்கு இருங்கள், அதில் இரண்டு வாரம் ஏறவே ஏறாதீர்கள். அந்த இரண்டு வாரம்தான் உங்கள் துணைவிக்கு அந்த ஊர்.

கல்லாசை:
மேலே இருப்பது எல்லாவற்றையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். சுவர் திசை, கல் வகை எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடிவாரத்தான் ஐயா எந்த ஊர், அங்கே ஏறாதவர்கள் சாயங்காலம் என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னாள்.

அடிவாரத்தான்:
ஊர்ப் பெயரை மட்டும் சொல்லமாட்டேன் :)