வெளிநாட்டில் குடியேறிய புதிதில்: மத நம்பிக்கையைத் திணிப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

சமயப் பிரசுரத்தோடு கதவைத் தட்டும் முன்பின் தெரியாதவரைச் சமாளிப்பது எளிது. விமான நிலையத்துக்கே வந்து அழைத்துச் சென்றவர், வாடகைக்கு அறை பிடித்துக் கொடுத்தவர், வேலைக்கு நம் பெயரைப் பரிந்துரைத்தவர் ஆகியோர் அதே அக்கறையோடு தம்முடைய ஜெபக் கூட்டத்துக்கோ, குருவின் சத்சங்கத்துக்கோ, மார்க்க வகுப்புக்கோ வாரந்தோறும் வரச் சொல்லும்போதுதான் புதிதாகக் குடியேறியவர்கள் திணறிப் போகிறார்கள். அந்தத் திணறலில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எந்த ஒரு மதத்தையும் குறை சொல்வது என் நோக்கமன்று. எல்லா மதங்களிலும் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். கடவுள் இல்லை என்று பிறரை ஒப்புக்கொள்ள வைக்காமல் விடுவதில்லை என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில், ஒருவர் தம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதும் நம்மை அழைப்பதும் பெரும்பாலான நாடுகளில் அவருடைய உரிமை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 1948இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் போதிக்கவும் மாற்றிக்கொள்ளவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை அதே உரிமைக்கு ஓர் எல்லையையும் வகுத்தது: ஒருவர் தாம் விரும்பும் நம்பிக்கையைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தைக் குலைக்கும் வகையில் அவரை வற்புறுத்தக் கூடாது. எங்கே அழைப்பு முடிந்து வற்புறுத்தல் தொடங்குகிறது என்பதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் எனக்கு மிகவும் உதவியிருக்கின்றன. கிரீஸில் மதப் பிரசாரத்துக்காக அறுபது தடவைக்கு மேல் கைது செய்யப்பட்ட மினோஸ் கொக்கினாகிஸ் என்பவர், ஒரு வீட்டுக்குச் சென்று அங்கிருந்த பெண்மணியிடம் தம் மதத்தைப் பற்றிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டது தவறு என்று 1993இல் அந்த நீதிமன்றம் கூறியது. ஆனால் 1998இல், அதே நாட்டின் விமானப் படை அதிகாரிகள் தமக்குக் கீழே பணியாற்றிய வீரர்களிடம் மதப் பிரசாரம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டதை அது சரி என்றது. அவர்களே வெளியாரிடம் பேசியதற்கு விதிக்கப்பட்ட தண்டனையை மட்டும் தவறு என்றது. மேலதிகாரி பேசும்போது கீழே இருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதுதான் வேறுபாடு.

உங்கள் நிலைமையையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள். பேசுகிறவர் எவ்வளவு ஆவேசமாகப் பேசுகிறார் என்பதைவிட, அவரிடம் மாட்டேன் என்று சொன்னால் நீங்கள் எதை இழப்பீர்கள் என்பதே முக்கியமான கேள்வி. தெருவில் நிற்பவரிடம் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. தங்கியிருக்கும் அறையின் சொந்தக்காரரிடமோ, விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியிடமோ, அந்த ஊரில் நீங்கள் அறிந்த ஒரே குடும்பத்திடமோ இழப்பதற்கு நிறைய இருக்கிறது.

உதவி செய்தவரிடம் மறுப்பது கடினமாக இருப்பதற்கு நன்றியுணர்வுதான் காரணம். அதை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நன்றிக்காக ஒரு தடவை போய் வந்துவிட்டால் முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், பெரும்பாலும் அது முடிவதில்லை. நீங்கள் வந்ததை ஆர்வத்தின் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் உங்கள் பெயர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கும். அதற்கடுத்த வாரம் உங்களை அழைத்துப் போக வாசலில் கார் வந்து நிற்கும். ஆறு மாதம் கழித்து மறுப்பதைவிட, முதல் அழைப்பிலேயே மறுப்பது இரு தரப்புக்கும் மரியாதையானது. வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்றெல்லாம் காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதைத் தீர்த்து வைக்க முன்வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை முடியாதென்றால் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கூட அழைப்பார்கள்.

அவர்களுடைய நம்பிக்கையை விமரிசிக்காமல், உங்களைப் பற்றி மட்டும் பேசுவதே சிறந்த வழி. "அண்ணா, நீங்கள் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன். வழிபாடு என்பது என் சொந்த விஷயம், அதனால் இந்தக் கூட்டங்களுக்கு நான் வர மாட்டேன். இனி இதற்காக மட்டும் என்னை அழைக்க வேண்டாம், வேறு எதற்கும் கூப்பிடுங்கள், வருகிறேன்" என்று நிதானமாகச் சொல்லலாம். சொன்ன பிறகு அவருக்கு வேறு வகையில் பயன்படுங்கள்: வீடு மாறும்போது சாமான் தூக்க உதவுங்கள், வரிப் படிவம் நிரப்பத் தெரிந்தால் நிரப்பிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். நன்றியைச் செயலில் தீர்த்துவிட்டால், அதைக் கூட்டத்துக்கு வந்துதான் தீர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமிருக்காது. மறுபடியும் அழைத்தால் அதே வாக்கியத்தை அதே தொனியில் சொல்லுங்கள். அவர்களோடு வாதத்தில் இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். வேத நூல்களிலிருந்து மேற்கோள் காட்டி வெல்லலாம் என்று தொடங்குபவர்கள், தாம் பேசத் தயாராக இருப்பதாக எதிரில் இருப்பவருக்கு அறிவித்துவிடுகிறார்கள். அதன் பிறகு உரையாடலை முடிக்கும் உரிமை அவர்கள் கையில் இருப்பதில்லை.

இவர்களில் பெரும்பாலானோர் உண்மையிலேயே உங்கள் நன்மையை விரும்புபவர்கள் என்பதையும் நான் நம்புகிறேன். தமக்குக் கிடைத்த ஆறுதல் தனிமையில் தவிக்கும் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் பொய் இல்லை. அதனால்தான் கோபத்தைவிடத் தெளிவு பயன்படுகிறது. அதோடு, ஒரே குழுவைச் சார்ந்து வாழும் நிலையிலிருந்து விரைவில் வெளியே வாருங்கள். பொது நூலகம், அந்நாட்டு மொழி வகுப்பு, விளையாட்டுக் குழு, மதச் சார்பற்ற தமிழ்ச் சங்கம் என்று நாலு பக்கமும் ஆட்களைத் தெரிந்துகொண்டவருக்கு ஒரு கூட்டத்தை மறுப்பது உலகத்தையே இழப்பதாகத் தோன்றாது.

வேலையிடத்தில் நிலைமை வேறு. அங்கே உங்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கையை மட்டுமன்றி நம்பிக்கையின்மையையும் பாதுகாக்கிறது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனங்களில் மதத்தின் பெயரால் தொல்லை தருவதைத் தடை செய்கிறது. ஆனால் சக ஊழியர் ஒருவர் தம் மதத்தைப் பற்றி ஒரு தடவை பேசிவிட்டதாலேயே அது குற்றமாகிவிடாது. உங்களுக்கு விருப்பமில்லை என்று நீங்கள் தெரிவித்த பிறகும் அது தொடர்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஒரு தடவை நேரில் சொல்லுங்கள். தொடர்ந்தால் சுருக்கமான மின்னஞ்சல் அனுப்புங்கள். நாள், இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பிறகு மனிதவளத் துறைக்குச் செல்லுங்கள். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் செய்ய 180 நாள் கெடு உண்டு. மாநிலச் சட்டமும் பொருந்தும் இடங்களில் அது 300 நாளாக நீளும். பிரிட்டனில் ஏகாஸ் என்ற அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது.

கதவைத் தட்டுபவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரசாரத்துக்கு வர வேண்டாம் என்று வாசலில் அறிவிப்பு வைத்துவிடலாம். வந்தவர்களிடம் மீண்டும் வர வேண்டாம் என்று சொல்லலாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வீடு வீடாகச் செல்லும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தாம் சந்தித்தவர்களைப் பற்றி எடுக்கும் குறிப்புகளும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. எந்த மத அமைப்பாக இருந்தாலும், உங்கள் பெயரையும் முகவரியையும் நீக்கும்படி எழுத்தில் கேட்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். உங்களைக் கேட்காமல் பிள்ளையை மத வகுப்புக்கு அழைத்துச் செல்வதை, அழைத்தவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், அன்றே தடுத்து நிறுத்துங்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் கூட்டு வழிபாடு இருக்கும்; பெற்றோர் கேட்டால் பள்ளி பிள்ளையை அதிலிருந்து விலக்க வேண்டும். அமெரிக்க அரசுப் பள்ளிகளில், பள்ளியே நடத்தும் பிரார்த்தனை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1962இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

எல்லா நாடுகளிலும் ஒரே விதமாகப் பேச முடியாது. சிங்கப்பூரில் மத நல்லிணக்கத்துக்கென்றே 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டம் இருக்கிறது. பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு அங்கே குற்றம். மலேசியாவில் முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனமே இடமளிக்கிறது. வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் பதில் சொல்லும்போது கூடுதலாகக் கவனமாக இருங்கள்: எந்த மதத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லாதீர்கள், சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள், நன்றி சொல்லி விலகுங்கள்.

ஏற்கெனவே ஒரு குழுவுக்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். குடும்பத்தோடு பேச வேண்டாம் என்கிறார்கள், சம்பளத்தில் பங்கு கேட்கிறார்கள், கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது திணிப்பையும் தாண்டிவிட்டது. அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் குழுவுக்கு வெளியே ஒருவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள்; தங்குவதற்கு வேறோர் இடத்தை உறுதிசெய்யுங்கள்; ஆவணங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைத் திருப்பித் தர மறுத்தால் காவல்துறையிடம் செல்லுங்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். அதன் பிறகு, இனி வர மாட்டேன் என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும்.