டாட் ஐஓ 2030-ல் சாகுமாம்! யார் போட்ட கணக்கு இது?

வேர்க்கோப்பு:
டாட் ஐஓங்கறது (.io) சாகோஸ் தீவுகள் இருக்கற பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தோட இணைய முகவரிக் குறியீடு. நேத்து பேரேடு இங்கே போட்ட அறிவிப்பு: "சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கற ஒப்பந்தம் 2025 மே 22-ல கையெழுத்தாச்சு. அஞ்சு வருஷம், 2030 மே மாசம் டாட் ஐஓ காலி. வந்த விலைக்குத் தள்ளுங்க." அஞ்சு வருஷ விதி நிஜம்தான். ஆனா அது ஒப்பந்தத் தேதியிலிருந்து ஓடாது. முதல்ல நாட்டுக் குறியீடுகளோட சர்வதேசப் பட்டியலான ஐஎஸ்ஓ 3166-1-ல இருந்து ஐஓ குறியீட்டை எடுக்கணும். அப்புறம் இணையக் குறியீடுகளைப் பார்த்துக்கற ஐயானா (IANA) அமைப்பு, டாட் ஐஓவை நடத்தற பதிவகத்துக்கு நீக்க அறிவிப்பு அனுப்பணும். அந்த அறிவிப்பிலிருந்துதான் அஞ்சு. இணையப் பெயர்களை நிர்வகிக்கற ஐகான் (ICANN) அமைப்போட வாரியம் 2022-ல ஏத்துக்கிட்ட கொள்கை இது. கேட்டா மேல அஞ்சு வருஷம் வரைக்கும் நீட்டிப்பும் உண்டு.

பேரேடு:
அஞ்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்குங்க இவ்வளவு நீளம்? மொரீஷியஸுக்கு ஏற்கெனவே டாட் எம்யூ (.mu) இருக்கு. பிரதேசமே இல்லாதப்ப குறியீடு எதுக்கு?

வேர்க்கோப்பு:
எப்போதிலிருந்து அஞ்சு? அதைச் சொல்லுங்க. ஒப்பந்தம் கையெழுத்தானா போதாது, ரெண்டு நாடும் உறுதிப்படுத்தணும். அதுக்கப்புறமும் குறியீட்டை எடுக்கறதா வேண்டாமான்னு ஐஎஸ்ஓ பக்கம் முடிவாகணும். சோவியத் 1991-ல உடைஞ்சுது, அதோட டாட் எஸ்யூ (.su) அதுக்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல ஓடிச்சு.

பேரேடு:
டாட் எஸ்யூவை விட்டா உங்களுக்கு வேற உதாரணமே கிடையாது. யூகோஸ்லாவியாவோட டாட் ஒய்யூ (.yu) 2010 மார்ச்ல போச்சு. கரீபியன்ல இருந்த நெதர்லாந்து அண்டிலிஸோட டாட் ஏஎன் (.an) 2015-ல போச்சு. நாடு கலைஞ்சது 2010 அக்டோபர். விரல் விட்டு எண்ணுங்க, அஞ்சு!

வேர்க்கோப்பு:
நீங்களே விரல் விடுங்க. யூகோஸ்லாவியா பேர் மாறி குறியீடு போனது 2003. டாட் ஒய்யூ அணைஞ்சது 2010. ஏழு. டாட் ஏஎன் போனப்ப இப்போதைய கொள்கையே கிடையாது. நடந்ததை வச்சு விதியை எழுதாதீங்க.

கோடுக்குப்பன்:
அஞ்சோ பத்தோ, இப்பவே மாற நினைக்கறவங்க என்ன பண்ணணும்னு யாராவது பேசுங்கப்பா. பழைய முகவரி ஒவ்வொண்ணையும் அதுக்கு நேரான புது முகவரிக்கு 301-ல, அதாவது நிரந்தரத் திருப்புதல் குறியீட்டுல, திருப்பணும். எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளினா கூகுள் அதைக் காணாத பக்கமாத்தான் எடுத்துக்கும். தளம் வச்சிருக்கறவங்களுக்கான கூகுளோட சர்ச் கன்சோல்ல முகவரி மாற்றம் கொடுக்கணும், அது 180 நாள் வேலை செய்யும். திருப்புதலை மட்டும் குறைஞ்சது ஒரு வருஷம் விட்டு வைக்கணும்.

நிஜமா அடி விழறது மொபைல் ஆப்ல. ஆப் சர்வரோட பேசற ஏபிஐ முகவரியை ஆப்புக்குள்ளேயே எழுதியிருந்தா, அப்டேட் பண்ணாத போன் எல்லாம் பழைய டொமைனையே கூப்பிட்டுக்கிட்டிருக்கும். அங்கே 301 வச்சா பல ஆப்ல தரவு அனுப்பற போஸ்ட் (POST) கோரிக்கை, தரவைக் கேட்டு வாங்கற GET கோரிக்கையா மாறிடும், அனுப்பின தரவு காணாமப் போகும். கோரிக்கையை மாத்தாம திருப்பற 308 வைங்க. தளத்தையும் ஆப்பையும் இணைக்கற ஆண்ட்ராய்டோட அசெட்லிங்க்ஸ் (assetlinks.json) கோப்பும் ஆப்பிளோட apple-app-site-association கோப்பும் திருப்புதலை ஏத்துக்காது. புது டொமைன்ல நேரடியா இருக்கணும், ஆப்லயும் புது டொமைனைச் சேர்த்துப் புதுப் பதிப்பு விடணும். கூகுள் லாகின் திரும்பி வர்ற முகவரியையும் மறக்காதீங்க.

பேரேடு:
பாருங்க, மாறறதுக்கு வழியே சொல்ல ஆரம்பிச்சாச்சு. நான் சொன்னதும் இதைத்தான்.

வேர்க்கோப்பு:
நீங்க சொன்னது 2030 மே. அதுக்கு இன்னும் பதில் வரலை.

பின்பெஞ்ச்:
டாட் டிகே (.tk) இலவசம், எல்லாரும் வாங்கிக் குவிங்கன்னு இங்கே ஏத்திவிட்டது பேரேடு அண்ணன்தானே? 2023-ல அதைக் கொடுத்துக்கிட்டிருந்த ஃப்ரீனாம் கம்பெனி புதுப் பதிவை நிறுத்தினப்ப ஆளையே காணோம். 😂

பேரேடு:
இலவச டொமைன் கதையை எதுக்குய்யா இங்கே இழுக்கற? ஃப்ரீனாம் மேல ஃபேஸ்புக்கோட மெட்டா வழக்குப் போடும்னு எனக்கு ஜோசியமா தெரியும்? நான் பேசறது சந்தை விலை. டாட் ஐஓ வாங்கினவன்லாம் டாட் ஏஐ பக்கம் போயாச்சு. 2023-ல கரீபியன் தீவான அங்குவில்லா அரசுக்கு அவங்க குறியீடான டாட் ஏஐல (.ai) சுமார் 3.2 கோடி டாலர் வந்துச்சு. அங்கே குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்குத்தான் பதிவே பண்ண முடியும், அப்படியும் வாங்கறான்.

வேர்க்கோப்பு:
அங்குவில்லாவும் பிரிட்டிஷ் பிரதேசம்தான், அதுவும் ரெண்டெழுத்து நாட்டுக் குறியீடுதான். அப்ப டாட் ஏஐக்கும் தேதி குறிச்சுக் கொடுங்களேன்.

கோடுக்குப்பன்:
தேடல்ல ரெண்டும் ஒண்ணுதான். ஐஓவையும் ஏஐயையும் கூகுள் டாட் காம் போல எந்த நாட்டையும் சேராத பொது டொமைன் மாதிரியே நடத்துது. டாட் ஏஐ வாங்கினா ரேங்க் ஏறும்னு விக்கறவங்களை நம்பாதீங்க.

பேரேடு:
அது யாரைச் சொல்றீங்க?

கோடுக்குப்பன்:
பேர் சொன்னேனா?

வேர்க்கோப்பு:
திசை திருப்ப வேண்டாம். 2017-ல அஃபிலியாஸ்ங்கற டொமைன் கம்பெனி 7 கோடி டாலர் கொடுத்து டாட் ஐஓ பதிவக நிறுவனத்தை வாங்கினது. இப்ப அது ஐடென்டிட்டி டிஜிட்டல்ங்கற கம்பெனி கையில. அவ்வளவு பணம் புரளற இடம், வாயைத் திறக்காம இருப்பாங்களா? நீட்டிப்பு விதியே அந்த மாதிரி நேரத்துக்குத்தான். மறுபடி கேக்கறேன்: நீக்க அறிவிப்புத் தேதி என்ன?

பேரேடு:
மறுபடி சொல்றேன்: அஞ்சு வருஷம். விதியிலேயே இருக்கு. நீங்களே எழுதினீங்க, மேல போய்ப் படிங்க.

வேர்க்கோப்பு:
அறிவிப்புத் தேதி?

பின்பெஞ்ச்:
பேரேடு அண்ணே, வந்த விலைக்குத் தள்ளச் சொன்னீங்களே, வாங்கற ஆள் நீங்கதானா? 🤔

பேரேடு:
என் வாங்கல் விற்கல் உனக்கு எதுக்கு? அஞ்சு வருஷம். அவ்வளவுதான்.

வேர்க்கோப்பு:
எதிலிருந்து?