அப்பாவின் நெஞ்சுவலி: சிடி ஸ்கேன் முடிந்தது (புதுப்பிப்பு)

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பாவுக்கு (58) அடிக்கடி நெஞ்சில் அழுத்தம், ஈசிஜி நார்மல், நேரடியாக ஆஞ்சியோ (உடம்புக்குள் மெல்லிய குழாய் விட்டு இதய ரத்தக் குழாய்களைப் பார்ப்பது) செய்யலாமா என்று. முதலில் சிடி ஆஞ்சியோ (ஊசியில் மருந்து ஏற்றி, அதே குழாய்களை ஸ்கேனில் பார்ப்பது) எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளையிலிருந்து பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போனோம். முதல் நாளே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்தார்கள். ஏற்றும் அயோடின் மருந்தைச் சிறுநீரகம் தாங்க வேண்டுமே. நாடித்துடிப்பு 84. இதயம் வேகமாகத் துடித்தால் படம் கலங்கிவிடுமாம். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் கொடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். 62க்கு இறங்கியதும் நாக்கின் அடியில் ஸ்ப்ரே, ரத்தக் குழாய் விரிய. மருந்து ஏறியபோது உடம்பெல்லாம் சூடு, "வேட்டியிலேயே போயிட்டேன்னு நெனச்சேன் மக்கா" என்றார். மூச்சைப் பிடிக்கச் சொன்னது மலையாளத்தில். எல்லைக்காரருக்கு அது ஒரு பிரச்சினையா! மெஷினுக்குள் இருந்தது பத்து நிமிடம்தான்.

சரி, ரிசல்ட். கால்சியம் ஸ்கோர் (இதயக் குழாய்ச் சுவரில் படிந்த கால்சியத்தின் அளவு) 38. இதயத்தின் இடது முன்பக்க ரத்தக் குழாயில் 30 சதவீத அடைப்பு, மற்றவை சுத்தம். ஸ்டென்ட் வேண்டாம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை போதும், பீடியை விட வேண்டும். அப்போ வலி? அதே படத்தில் வயிற்றின் மேல்பகுதி உதரவிதானம் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது. ஹயாட்டஸ் ஹெர்னியா, அமிலம் மேலே வருகிறது. ராத்திரி கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் தின்று உடனே படுத்தால் வலிப்பதன் ரகசியம் இதுதான் போல.

திடீரென்று வந்த வலி, வியர்வை, கை குடைச்சல் என்றால் சிடிக்கு நாள் குறிக்காமல் நேராகக் கேஷுவால்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) வரச் சொன்னார் டாக்டர். பீடி விஷயத்தில் அப்பா இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.