ஆயி சொல்லிக்கொடுத்த 'ஜெங் லெ'

நான் வடகிழக்குச் சீனாவில் ஷென்யாங்கில் எம்.பி.பி.எஸ். படித்தவன். 2019 சீனப் புத்தாண்டுக்கு ஊருக்கு வரவில்லை. டிக்கெட் விலை அப்படி. சரி, பெரிய கொண்டாட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று தங்கினால், பார்த்ததெல்லாம் காலி வளாகம்தான். சீன மாணவர்கள் ஜனவரி நடுவிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். (அப்போதைய பொங்கல் நேரத்துக் கோயம்பேடு பஸ் நிலையத்தை நாடு முழுக்க விரித்து, நாற்பது நாளுக்கு நீட்டினால் அவர்களுடைய 'சுன்யுன்' பயணக் காலம்.) கேன்டீனுக்குப் பூட்டு. பிப்ரவரி 4, புத்தாண்டுக்கு முந்தின நாள், மதியத்தோடு தெருக் கடைகளும் ஷட்டரை இறக்கிவிட்டன. போனில் ஆர்டர் போடலாம் என்றால் கொண்டுவரும் பையனும் ஊருக்குப் போய்விட்டான். அங்கே தங்கப்போகிறவர்கள் ஒரு வாரத்துக்கு அரிசி, முட்டை வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விடுதியில் மிஞ்சியது நாங்கள் நாலு பேரும் ஆயியும். விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாவை அங்கே 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் சித்தி, அத்தை என்கிற மாதிரி. பாட்டியை ஆயா என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அது முதல் நாளே வாயில் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அன்று டியூட்டி. மகன் தெற்கே குவாங்ஜோவில் வேலை, அந்த வருடம் வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு என் கதவைத் தட்டி, "கையைக் கழுவிட்டு கீழே வா" என்றார்.

வெளியே மைனஸ் பதினைந்தை ஒட்டிய குளிர். உள்ளே ஹீட்டர் வெக்கையில் பனியனோடு உட்கார்ந்து ஜியாவ்ஸ பிடித்தோம், பூரணம் வைத்து மடித்து வேகவைக்கிற அங்கத்திய கொழுக்கட்டை. ஒரு பேசினில் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும். கறி சாப்பிடாத நண்பனுக்காகத் தனியாக முட்டையும் பூண்டுத்தாளும். அவன் கேட்கவே இல்லை, மூன்று வருடமாகப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார். ஆயி கட்டையை ஒரு கையால் உருட்டிக்கொண்டே இன்னொரு கையால் மாவைச் சுழற்றுவார். நடுவில் தடிமனாக, ஓரம் மெல்லிசாக வட்டம் வந்து விழும். நான் பூரணத்தை வைத்து, தீபாவளிக்கு அம்மா சோமாசிக்கு மடிக்கிற மாதிரி ஓரத்தை மடித்தேன். எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் கத்துக்கொடுத்தது?" "அம்மா." அதற்குப் பிறகு என் தட்டை அவர் சோதிக்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

தண்ணீர் கொதித்ததும் போட்டு, பொங்கும்போதெல்லாம் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் ஊற்றி அடக்க வேண்டும். மூன்று முறை. இரண்டாவது பொங்கலில் என்னுடையவை நாலைந்து வாயைப் பிளந்து, முட்டைக்கோஸ் பானை முழுக்க மிதந்தது. நான் பதறிப்போய் "போ லெ!" என்று கத்திவிட்டேன். உடைஞ்சுபோச்சு என்று அர்த்தம். ஆயி கரண்டியால் பானை விளிம்பில் ஒரு தட்டு தட்டி, "இன்னைக்கு அப்படிச் சொல்லக் கூடாது. ஜெங் லெ என்று சொல்லு" என்றார். வாய் பிளந்தது என்பதற்கும் சம்பாதித்தாச்சு என்பதற்கும் அங்கே ஒரே ஒலி. புத்தாண்டு இரவில் உடைகிற ஒவ்வொன்றும் வரவுக் கணக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் டப்பா காலியானால் அம்மா "அரிசி நிறைஞ்சுபோச்சு" என்பார். விளக்கை அணை என்று சொன்னால் திட்டு விழும், குளிர வை என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் இதை ஆயிக்கு விளக்க ஒரு பத்து நிமிடம் ஆனது. புரிந்ததும் காலி உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "அப்போ இது நிறைஞ்சிருக்கா?" என்றார். இரவு முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்.

வினிகர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து, 1983-லிருந்து வருடம் தவறாமல் வரும் சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியின் புத்தாண்டு நிகழ்ச்சியைப் பார்த்தோம். நகைச்சுவை ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பு வீசாட் (அவர்களுடைய வாட்ஸ்அப்) குழுவில் சிவப்பு உறை, அதாவது புத்தாண்டுக் கைக்காசு, போட்டார்கள், எனக்கு விழுந்தது 0.36 யுவான். நள்ளிரவுக்கு ஜியாவ்ஸ, தொட்டுக்கொள்ள கறுப்பு வினிகர், கூடவே பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு ஆயி ஊறப்போட்ட பூண்டு. வினிகரில் கிடந்து கிளிப்பச்சையாக மாறியிருந்தது. பூண்டு அந்த நிறத்தில் இருந்தால் சாப்பிட யோசிப்பீர்கள். யோசிக்காதீர்கள்.

2020 ஜனவரியில் லீவுக்குக் கிளம்பியபோது, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு டப்பா ஜியாவ்ஸவோடு வாசலில் நின்றார். வண்டி ஏறும்போது ஜியாவ்ஸ, இறங்கும்போது நூடுல்ஸ் என்பது வட சீன வழக்கம். திரும்பி வந்ததும் நூடுல்ஸ் போடுகிறேன் என்றார். கொரோனாவில் எல்லை மூடிக்கொண்டது. மிச்சப் பாடத்தை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தேன்.

*

வுஹானில் படித்தவர்:

உங்களுக்கு ஜியாவ்ஸ, எங்களுக்கு அதே 2020-ல் கஞ்சி. ஜனவரி 23 ஊரடங்கு, 25 புத்தாண்டு. முந்தின இரவு ஜன்னல் வழியே பார்த்தால் சிக்னல் விளக்கு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. வாயிற்காவலர் ஒருவர் தரைத்தளத்தில் ஒரு மூட்டை ஆரஞ்சை வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே ஒரு கை முஷ்டியை மறு கையால் பொத்தி ஆட்டினார், அங்கே புத்தாண்டு வாழ்த்துச் சொல்வது அப்படித்தான். பிப்ரவரி 1 காலை சிறப்பு விமானத்தில் டெல்லியில் இறங்கினோம். புத்தாண்டின் பதினைந்தாம் நாள் விளக்குத் திருநாள், டெல்லி பக்கத்து மானேசரில், எங்களைத் தனிமைப்படுத்திவைத்த ராணுவ முகாமில், முகக்கவசத்தோடு போனது. அந்த நாளுக்கான தாங்யுவான் அரிசிமாவு உருண்டைக்குப் பதிலாக அன்றைக்கு ராஜ்மா.

ஒன்று கேட்கணும். வீட்டில் ஜியாவ்ஸ செய்து பார்த்தேன், மாவு ரப்பர் மாதிரி வருகிறதே?

*

முதலில் எழுதியவர்:

பிசைந்த உடனே உருட்டினீர்களா? வேகவைக்கிற ஜியாவ்ஸவுக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில்தான் பிசையணும். பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி விடுங்கள். பூரணத்தில் முட்டைக்கோஸை ஒட்டப் பிழியுங்கள், நான் அங்கேதான் கோட்டைவிட்டேன். வாய் பிளந்தால் என்ன சொல்லணும் என்று தெரியும்தானே.