கையைக் கட்டுறவங்க நல்லவங்களாம்மா?

கயல்விழி:
நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து 'தர்ட்டீன் லைவ்ஸ்' படம் பார்த்தேன். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் வெள்ளம் புகுந்து, 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்ட கதை. தண்ணீருக்கடியில் பயந்து துடிக்காமலிருக்க ஒவ்வொருவரையும் மயக்கி, குகையில் நீந்துபவர்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் மகளுக்குப் பதினொரு வயது. அந்தக் கூட்டத்தின் கடைக்குட்டிக்கும் அதே வயதுதான். டாக்டர் ஊசி போட்டு மயக்கி, மூச்சு விடுவதற்கான முகமூடி மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திப் பார்க்கும் இடத்தில் என்னை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "கையைக் கட்டுறவங்க நல்லவங்களாம்மா?" "காப்பாத்தத்தான்டா" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

செல்வராணி:
ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ் நான். அந்தக் காட்சியில் எழுந்து நின்றே விட்டேன். பாதி வழியில் விழிப்புத் தட்டினால் குழந்தையின் கை முதலில் முகமூடிக்குத்தான் போகும். கலங்கல் தண்ணீரில் குழந்தை, இழுத்துவருபவர் என இரண்டு உயிரும் போய்விடும். அதனால்தான் கட்டு. மயக்கக் கொடுத்த மருந்தான கெட்டமைன் மூச்சை அதிகம் அடக்காது. அட்ரோபின் என்ற இன்னொரு மருந்து போட்டது முகமூடிக்குள் எச்சில் சேராமலிருக்க. வெளியே வர மணிக்கணக்காகும், அவ்வளவு நேரம் மருந்து தாங்காது. நடுவழியில் மறுபடி ஊசி போட்டவர்கள் டாக்டர்கள் இல்லை, குகையில் நீந்துபவர்கள். எங்களுக்கு மானிட்டர் இருக்கிறது, பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். அப்படியும் குழந்தை என்றால் எனக்குக் கை சில்லிட்டுப் போகும். மயக்க ஊசி போட்ட டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸுக்கு இது பலிக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. இருந்தும் பிள்ளைகளை மடியில் உட்காரவைத்து ஊசி போட்டார். உங்கள் மகளிடம் அந்த மடியைக் காட்டுங்கள்.

முத்துக்குமரன்:
மேடம் சொன்னது சரி. ஆனால் படம் முடிந்த பிறகு எனக்குள் தங்கியவர்கள் வேறு. சிறுவர்களைக் கண்டுபிடித்த பிறகு ஒரு ராணுவ டாக்டரும் மூன்று கடற்படை வீரர்களும் உள்ளே போய் அவர்களோடேயே இருந்தார்கள். கடைசிப் பையன் வெளியேறிய பிறகுதான் அந்த நான்கு பேரும் வந்தார்கள். ஜூலை 6 அன்று காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும்போது சமான் குனான் இறந்துபோனார். கடற்படையிலிருந்து விலகியவர், தானாக வந்தவர். பம்பு செய்த தண்ணீர் தங்கள் வயலில் பாயட்டும் என்று நாற்று முங்கச் சம்மதித்த விவசாயிகளும் இருக்கிறார்கள். இவர்களோடு படம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

கயல்விழி:
இரண்டு பேர் எழுதியதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மடியில உட்கார்ந்தது அந்தப் பையனுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றாள். செல்வராணி அக்கா, இருக்குமா?

செல்வராணி:
தண்ணீருக்குள் போனது ஞாபகம் இருக்காதும்மா. மடியில் உட்கார்ந்தபோது ஊசி இன்னும் போட்டிருக்கவில்லையே. அது இருக்கலாம்.