அறுப்புக் காலத்தில் கண்ணுக்கு வந்தது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெண்ணாற்றுக்காரன்:

போன தை மாதம். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தபோது என் மாமாவுக்கு வலது கண்ணில் கருக்காய், அதாவது மணி பிடிக்காத பதர், அடித்தது. நம் பக்கம் அது அடிக்காத ஆள் யார்? துண்டு நுனியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். கண் சிவந்ததும் மெடிக்கலில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். அதில் ஸ்டீராய்டு இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. சிவப்பு மளமளவென்று குறைந்தது. "பாத்தியாடா, டாக்டருக்குக் குடுக்குற காசு மிச்சம்" என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தார். அடுத்த வாரமே கருவிழியில் கடுகளவு வெள்ளை. வெளிச்சம் பட்டால் துடித்தார்.

தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். கண் டாக்டர் மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை. ஆனால் என் மனதில் நிற்பது அது இல்லை. "இதுவரைக்கும் என்ன போட்டீங்க?" என்று கேட்டு அந்தப் பாட்டிலை வாங்கினார். லேபிளைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரில் போட்டு மூடினார். கிளம்பும்போது மாமா, "அதுல இன்னும் பாதி இருக்கு டாக்டர்" என்றார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நேட்டமைசின் என்கிற பூஞ்சைக்கான சொட்டு மருந்து, மணிக்கொரு முறை. ராத்திரியெல்லாம் எழுப்பி எழுப்பி அத்தைதான் விட்டார். புண் ஆறியது, தழும்பு நடுவிலேயே நின்றுவிட்டது. பஸ் போர்டு படிக்க இடது கண்தான்.

குடவாசல் மருமகள்:

எனக்கு நெல்லும் இல்லை, தூசியும் இல்லை. கார்த்திகை மழை விட்ட ராத்திரி, டியூப் லைட்டுக்குக் கீழே நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, நசுக்கித் தட்டிவிட்டேன். அதே கையால் கண்ணைக் கசக்கியிருப்பேன் போல. மறுநாள் சாயங்காலம் இமை வீங்கி, கழுத்தில் கோடு போட்டதுபோல் கொப்புளம், ஒரே எரிச்சல்.

மாமியார் பார்த்ததும் "அக்கிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வேளார் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு, அந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போனேன். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "டீச்சர், இன்னைக்கு நாடகமா?" என்றான்.

பிறகுதான் தோல் டாக்டர் சொன்னார்: ஆரஞ்சும் கறுப்புமாக, நீளமாக, எறும்புபோல இருக்கும் சின்ன வண்டு. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால் வரும் நீர்தான் சுடும். வயலில் நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்று நமக்கு நல்லது செய்கிற பூச்சியாம் அது. மேலே உட்கார்ந்தால் ஊதிவிட வேண்டும், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கை கண்ணுக்குப் போகவே கூடாது. அதுவாகவே ஆறிவிட்டது. காவியால்தான் போனது என்று அத்தை இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்னிலம் பென்ஷனர்:

சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன். எனக்கும் ஒருமுறை வைக்கோல் குத்தியது, சரியாகிவிட்டது. அது கிடக்கட்டும்.

வெண்ணாற்றுக்காரர் மெடிக்கலைச் சாடையாகக் குறை சொல்கிறார். கருக்காய் அடித்தது என்று மாமா அங்கே சொன்னாரா? "கண்ணு செவந்திருக்கு, சொட்டு மருந்து குடு" என்றுதானே எல்லாரும் கேட்கிறோம்? அதற்காகச் சீட்டு இல்லாமல் கொடுத்தது சரி என்று சொல்லவில்லை. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும், பூஞ்சைக்கோ அது கொண்டாட்டம். கண் தெளிந்த மாதிரி இருக்கும்போதே உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்துப் பார்த்து 1996இல் எழுதினார்கள்: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். நேபாளத்தில் பக்தபூரில் செய்த ஆய்வு 2001இல் வந்தது. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிகால் என்கிற ஆன்டிபயாட்டிக் களிம்பு, தினம் மூன்று வேளை, மூன்று நாள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் ஆகவில்லை. ஒருநாள் கழித்து வந்தவர்களில் பலருக்கு ஆனது. ஆக, அடிபட்ட அன்றைக்கே போக வேண்டும். அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளக் கூடாது.

நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். கசக்காதீர்கள். இதுவரை யாரும் தாய்ப்பாலைப் பற்றி எழுதவில்லை, எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். நாக்கால் தூசி எடுக்கிற பாட்டி எந்த ஊரிலாவது இன்னும் இருந்தால் அவரிடமும் போக வேண்டாம். தூற்றும்போதும் மிஷின் பின்னால் நிற்கும்போதும் பக்கம் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி போடுங்கள். மார்கழி விடியலில் வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். குளிர்காற்று பட்டால் கண்ணில் நீர் வழியும், கை தானாகக் கசக்கப் போகும்.

துலாக்கட்டம்:

ஐயா சொன்னதில் மெட்ராஸ் ஐ விட்டுப்போச்சு. என் தலைதீபாவளி மாயவரத்தில். ரயில் இறங்கும்போதே ஒரு கண் ஒட்டிக்கொண்டது. விடிகாலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, எல்லாப் போட்டோவிலும் நான் கூலிங் கிளாஸோடு. மாமனாரின் அக்கா சமையல் கட்டில் சொன்னது ஹால் வரை கேட்டது: "மாப்பிள்ளைக்கு ரொம்பத்தான் ஸ்டைலு. பெரியவங்க முன்னாடிகூடக் கழட்ட மாட்டாரோ?" சரி என்று கழற்றினேன். ஆசீர்வாதம் வாங்க நின்றவன் முன்னால் இருந்து மொத்தக் கூட்டமும் ஓரடி பின்வாங்கியது. அந்த ஓரடியை என் மனைவி இன்னும் நடித்துக் காட்டுகிறாள்.

நன்னிலம் பென்ஷனர்:

பார்த்தால் ஒட்டாது. நீங்கள் கைகொடுத்தவர்களும், உங்கள் துண்டில் துடைத்தவர்களும்தான் பயப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் சொட்டு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வலியும் பார்வை மங்கலும் இருந்தால் மெட்ராஸ் ஐ என்று வீட்டில் உட்காரக் கூடாது.

ஆத்தூர் பெல்ட் வண்டி:

நான் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். ஒவ்வொரு தைக்கும் உங்கள் பக்கம்தான். பென்ஷனர் ஐயா, கண்ணாடி போட்டுப் பார்த்தாச்சு. பனி ஈரத்தில் காலையில் கதிரில் மிஷின் விட முடியாது, வெயில் ஏறித்தான் தொடங்குவோம், அதனால் ராத்திரி வரை ஓடும். லைட் வெளிச்சத்தில் நெல்லின் சுணைத்தூசி பறக்கிறது, கண்ணாடிக்கு உள்ளே ஆவி பிடிக்கிறது, வரப்பு தெரியாமல் வண்டி வாய்க்காலில் இறங்கினால் யார் பதில் சொல்வது? ஓட்டுகிற எனக்காவது மேலே காற்று. கீழே நின்று மூட்டை பிடிக்கிற பையன்கள்தான் பாவம், முகமெல்லாம் சுணை. அந்தக் களிம்பு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளலாமா?

நன்னிலம் பென்ஷனர்:

டாக்டர் பார்க்காமல் நீங்களே போடக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தண்ணீர் கேன் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஆத்தூர் பெல்ட் வண்டி:

கேன் இருக்கு ஐயா. ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணில் அடித்தால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.